எங்க எழுதியிருக்கு?

ரேஷன் கடையில் "இன்னிக்கு எண்ணெய் கெடையாது" என்று சொன்னால் மற்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பெரிம்மா மட்டும் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்பார்.

"எல்லாத்தையும் எழுதிகினு ஒக்காந்திருக்க முடியுமா?" என்பார் கடைக்காரர்.

"அப்ப எழுதி ஒட்டு. நான் படிக்கிறதுக்கு ஆளக் கூட்டிகினு வரேன்."

அந்த ஆள் நான்தான். பெரிம்மாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துப் போடவும் தெரியாது. எங்கள் காலனியில் கல்லூரி வரைக்கும் போன முதல் பெண் நான். என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆளும் நான்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. ரத்த உறவு இல்லை, ஆனாலும் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுத எனக்கு ஒருமுறை வாய்ப்பு வந்தது. அதை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

வடக்கனந்தலைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பெரிம்மாவுக்குக் கரும்பு வெட்டுதான் வேலை. வெட்டு இல்லாத நாட்களில் கல்வராயன் மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவார். ஒருமுறை விடுமுறையில் நானும் கூடப் போனேன். திரும்பும்போது பெண்கள் ஆளுக்கொரு கட்டு காய்ந்த சுள்ளி சுமந்து வந்தார்கள். செக்போஸ்டில் புதிதாக வந்திருந்த காவலர், "எறக்கு, எறக்கு. வெறகு எடுக்கக்கூடாது" என்றார். எல்லோரும் இறக்கினார்கள். பெரிம்மா தலையில் கட்டோடு நின்றபடியே கேட்டார்.

"எங்க எழுதியிருக்கு?"

காவலர் பெருமையாகப் பலகையைக் காட்டினார். பெரிம்மா என்னைப் பார்த்தார். நான் படித்தேன். தீ மூட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, பிளாஸ்டிக் கொண்டு செல்லக்கூடாது. அவ்வளவுதான்.

"சுள்ளி எங்க?"

"அது சட்டத்துல இருக்கும்மா."

"சட்டத்த எடுத்துகினு வா. படிச்ச புள்ள இருக்கா. நிக்கிறேன்."

நின்றார். தலைச்சுமையை இறக்காமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காவலரே, "தாயே, போயேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பெரிம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருந்தா வெச்சிட்டுப் போயிருப்பேன்டி" என்றார்.

அது வெறும் பேச்சில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவர் தங்கச்சி சேர்ந்திருந்தபோது நாங்கள் மூன்று மணிக்கே போய்விட்டோம். பார்வையாளர் நேரம் நான்கு மணி என்று சுவரில் எழுதியிருந்தது. நான் படித்துச் சொல்லிவிட்டேன். நர்ஸ் பரிதாபப்பட்டு, "பரவால்ல, உள்ள வாங்க" என்று கூப்பிட்டும் போகவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "எழுதியிருக்குல்ல?" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. படிப்பில்லாதவர்கள் எழுத்தை இப்படி நம்புகிறார்களே என்று மனதுக்குள் சிரித்தேன்.

அவருக்குப் படித்துக் காட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துப் படிக்கவேண்டும். அவர் தாளைப் பார்க்கமாட்டார், விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தாசில்தார் ஆபீஸ் பதில் கடிதத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் சொன்னேன்.

"வெரலு தாண்டிச்சி."

"அது ஒண்ணுமில்ல பெரிம்மா, பார்வையில் காணும்னு நம்பரு போட்டிருக்கு."

"நம்பருன்னா நம்பரப் படி. உன்ன யாரு கொறைக்கச் சொன்னது?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வயதில் என்னைத் திருத்த ஊரில் ஒருவருக்கும் தகுதியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கங்களில் போட்டுப் போட்டுப் பழகியது. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். என் அப்பா அம்மா இருவருமே கைநாட்டு. பள்ளிக்கூடத்தில் அம்மா கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது நான் நான்கடி தள்ளி நடந்திருக்கிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் நான் போட்ட முதல் கையெழுத்தை அப்பா ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு எனக்கு நினைவு தெரிந்து ஓட்டுப்பதிவு நடந்ததில்லை. எம்.எல்.ஏ. தேர்தலுக்கு வரிசையில் நிற்போம். தலைவர் தேர்தல் வந்தால் மட்டும் மாரியம்மன் கோயில் முன்னால் தமுக்கு அடித்து ஊரைக் கூட்டுவார்கள். கோயில் திருப்பணிக்கு என்று பதவியை ஏலம் விடுவார்கள். யார் ஏலம் எடுக்கிறாரோ அவரைத் தவிர வேறு யாரும் மனுப் போடக்கூடாது. போட்டியில்லாமல் தேர்வு என்று பேப்பரில் வரும். ஊரே ஒற்றுமையாக இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் பாராட்டுவார்கள்.

அந்த ஒற்றுமையில் காலனிக் குழாய்க்குத் தண்ணீர் வராது. மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடும் ஆள் தலைவரின் ஆள். ஊர்த்தெரு நிரம்பியபின் மிச்சமிருந்தால் எங்களுக்கு. எங்கள் பெண்கள் அரை மைல் நடந்து வயல் மோட்டார் கொட்டகையில் குடம் நிறைத்தார்கள். பெரிம்மா திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். ஒவ்வொரு மனுவுக்கும் கிடைத்த ஒப்புகைச் சீட்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடுக்கி வைத்திருந்தார். வந்த பதில்கள் எல்லாம் ஒன்றே: ஊராட்சித் தலைவரை அணுகவும்.

"அணுகவும்னா இன்னா?"

"கிட்ட போய்க் கேக்கணும்."

"ஏலத்துல எடுத்தவன் கிட்ட நான் இன்னாத்த கேக்கறது? அவன் எனக்கா தலைவரு? கோயிலுக்குக் குடுத்தான், கோயிலுக்குத் தலைவரு."

அந்த வருடம் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்கள் பொது என்று, அதாவது எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம் என்று அறிவித்தார்கள். அறிவிப்புப் பலகையில் நான் விரல் வைத்துப் படித்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல ஏலம். ஒருவர் தன் மனைவி பேருக்கு எடுத்தார். மனைவி அங்கே வரவேயில்லை. காலனி ஆட்கள் வழக்கம்போலப் புளியமரத்தடியில் தள்ளி நின்றோம். ஊர்ப்பெரியவர் ஒருவர், "வேற யாரும் மனுப் போடப்படாது, ஊர்க்கட்டு" என்று முடித்தார்.

"எங்க எழுதியிருக்கு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே, "சாமி தலையில எழுதியிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப சாமிய வந்து ஓட்டுப் போடச் சொல்லு. அங்க போர்டுல பொம்பளைன்னு எழுதியிருக்கு, பொதுன்னு எழுதியிருக்கு. நான் பொம்பள. நான் பொதுவுல இல்லியா?"

திரும்பி வரும் வழியில் பெரிம்மா என்னிடம் சொன்னார். "மலைமேல கெழங்கு பிடுங்கறப்ப அங்க இருக்கற பொம்பளைங்க சொல்வாங்க. அவங்களுக்கு ஓட்டு வந்து சேரவே எம்மாங்காலமோ ஆச்சாம். வந்த வருசம் வூட்டப் பூட்டிகினு போய் நின்னாங்களாம். நம்மளுக்கு வந்து எம்மா வருசம்? வந்தும் போட உடல பாரு."

மனுவில் வேட்பாளரை முன்மொழிய அதே ஊர் வாக்காளர் ஒருவர் வேண்டும். பெரிம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா தலையாட்டிவிட்டார். கைநாட்டு என்றால் இருவரும் தேர்தல் அதிகாரி முன்னாலேயே விரல் வைக்கவேண்டும் என்று விதி. ஒருநாள் கூலி போகும், போகட்டும் என்றார் அம்மா.

குறுக்கே பேசியது நான்தான்.

"ரெண்டு பேரும் கைநாட்டா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? நான் எதுக்குப் படிச்சேன்? நான் போடறேன்."

பெரிம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

"போடு" என்றார் பெரிம்மா. "முழுசாப் போடு."

வால் இழுத்து, இரண்டு புள்ளி வைத்து முழுசாகப் போட்டேன். அவர் பெயருக்குக் கீழே, முன்மொழிபவர் என்ற இடத்தில்.

மனுவைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து ஏலம் எடுத்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிரட்ட வந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன். அப்படித்தான் இன்றும் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அவர் மிரட்டவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். ஊர்த்தெரு ஆள் ஒருவர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா எழுந்து ஓரமாக நின்றார். அவர் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா மேஜருங்கம்மா படிச்சீங்க?" என்றார். படிச்சீங்க. என் அப்பாவை அவர் வீட்டுச் சின்னப்பிள்ளைகள்கூட வா போ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பி.காம்."

"நம்ம ஊருக்கே பெருமைங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அம்மா கொண்டு வந்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து அன்று காலை அம்மா சுமந்து வந்த தண்ணீர். எங்கள் சொம்பை வாங்கி, அண்ணாந்துகூடக் குடிக்காமல், உதட்டில் வைத்துக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். இதற்காகத்தானே படித்தேன் என்று தோன்றியது.

பிறகுதான் பேச்சை எடுத்தார். "அந்தம்மாவுக்கு ஒலகம் தெரியாது. நீங்க தெரிஞ்சவங்க. நாளைக்குக் கவர்மெண்ட் வேலைக்குப் போற புள்ள, கேசு கீசுன்னு பேரு அடிபடலாமா? நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா. ஆபீசரு கேட்டா, என்னுது இல்லன்னு ஒரு வார்த்த."

அவர் போனபின் அப்பா அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வூட்டுத் தண்ணியக் குடிச்சாரு" என்றார்.

அம்மா என்னைக் கேட்டார். "அவரு குடிச்சாரு சரி. நீ இன்னா குடுத்த?"

பரிசீலனை நாளில் ஒன்றிய அலுவலகத்தில் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். முன்மொழிந்தவரின் கையெழுத்து போலி என்றார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பெரிம்மா மேஜைக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் அந்த ஜவுளிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. படிக்க ஆள் வந்துவிட்டது என்ற தெம்பு.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"இல்ல சார்."

"எழுதிக் குடுங்க."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். பழகிய கை, தானாகவே வால் இழுத்து இரண்டு புள்ளியும் வைத்துவிட்டது. அதிகாரி மனுவையும் நான் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னா எழுதினா? படிங்க சார்" என்றார் பெரிம்மா.

அதிகாரி படித்தார். "மேற்படி வேட்புமனுவில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல."

"கீழ யாரு கையெழுத்து?"

"இவங்களுது."

பெரிம்மா அந்தத் தாளைப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கும் விரல் அங்கே இல்லை. நான் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார். "எழுதியிருக்குல்ல. அதுக்கு ஒரு காப்பி குடுங்க."

மனு நிராகரிக்கப்பட்டது. வெளியே, "கள்ளக் கையெழுத்து, கள்ளக் கையெழுத்து" என்று சிலர் கூவினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போடவில்லை என்றால் அவர் போட்டார் என்று ஆகிறது. எழுத்தே தெரியாதவர் கள்ளக் கையெழுத்துப் போட்டாராம். காலனியில் யாரும் அதை நம்பவில்லை. யாரும் நம்பவில்லை என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அர்த்தம். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தி மட்டும் ஒருநாள், "தள்ளுங்கடி, பி.காம் தண்ணி புடிக்கட்டும்" என்றாள். அன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

பெரிம்மா என்னைத் திட்டவேயில்லை. ஒருமுறை திட்டியிருந்தால் நானும் ஒருமுறை அழுது முடித்திருப்பேன். தெருவில் எதிரே வந்தால், "சாப்ட்டியா?" என்பார். ஆனால் தாள் எதையும் என்னிடம் கொண்டுவருவதில்லை. ஐந்தாவது படிக்கும் பெண் ஒருத்தியைத் திண்டாட வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் என் வீட்டு வாசலில் இருந்து அதைக் கேட்பேன். அந்தச் சிறுமி 'பார்வையில் காணும்' என்பதை மூன்று மூச்சில் படித்தாள்.

அவர் கோர்ட்டுக்குப் போனார். கரும்பு வெட்டு இல்லாத நாளெல்லாம் கள்ளக்குறிச்சி பஸ். வாய்தா மேல் வாய்தா. நான் அதற்குள் உளுந்தூர்பேட்டையில் ஒரு இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துவிட்டேன். சேர்வதற்கு முன்னால் போலீஸ் வந்து விசாரிக்கும் அளவுக்குப் பெரிய வேலை எதுவும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒருநாள் பெரிம்மாவின் வக்கீலம்மா போன் செய்தார்.

"ரெண்டு கையெழுத்தும் ஒண்ணுதான்னு குருடனுக்கும் தெரியும். நீங்க வந்து கூண்டுல உண்மையச் சொன்னா கேஸ் திரும்பும். வருவீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் வக்கீலம்மாவே கூப்பிட்டார்.

"நீங்க வரவேணாம். அந்தம்மா உங்கள சாட்சியாப் போடவேணாம்னு சொல்லிட்டாங்க."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். "ஏங்க?" என்று கேட்டேன்.

"'ஒருக்கா மாத்திச் சொன்னவ. இன்னொருக்கா இன்னா சொல்வான்னு எங்க எழுதியிருக்கு?'ன்னு கேட்டாங்க."

போனை வைத்தேன். முதலில் வந்தது அவமானம் இல்லை, நிம்மதி. அன்று ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வழக்கு முடிவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று கோர்ட் மூடிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கும் ஒரு காப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னார்.

இப்போது மறுபடியும் தேர்தல் வந்திருக்கிறது. மறுபடியும் தமுக்கு, மறுபடியும் ஏலம். இந்தமுறை அதே ஆள் தன் மருமகள் பேருக்கு எடுத்திருக்கிறார். கேள்விப்பட்டதும் நான் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெரிம்மா வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது.

"வாடி, சாப்ட்டியா?"

"பெரிம்மா, இந்தவாட்டி மனுவுல நான் போடறேன். எவன் வந்து கேட்டாலும் என்னுதுதான்னு சொல்வேன்."

கத்தியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆளு கெடச்சிட்டாங்க. காலைலயே குடுத்துட்டு வந்துட்டோம்."

"யாரு? கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களா?"

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாத பார்வை. ரேஷன் கடைக்காரரைப் பார்க்கும் அதே பார்வை.

"கையெழுத்த என்னுது இல்லன்னு சொல்லலாம் புள்ள. நீயே சொன்னியே. ரேகைய இன்னான்னு சொல்றது?"

நான் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கிழங்கின் மேல் அவர் இடது கட்டைவிரல் நீலமாகத் தெரிந்தது. மை. புடவையில் துடைக்கவில்லை. சின்ன வயதில் நான் நான்கடி தள்ளி நடந்த அதே விரல்.

அம்மா கையை உதறிவிட்டு, மாடத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். அதிகாரி கொடுத்த மனுவின் நகல்.

"அதிகாரி எதுர்லதான் வெச்சேன்" என்றார். "படி. எம்பேரு எங்க எழுதியிருக்கு? வெரல வெச்சுக் காட்டு."

வேட்பாளர் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சொல்லும் தாண்டாமல் விரலை நகர்த்தினேன். முன்மொழிபவர் என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அம்மா குனிந்து பார்த்தார்.

"போனவாட்டி உம்பேரு இருந்த எடமா இது?"

"ஆமாம்மா" என்றேன். "அதே எடந்தான்."